இரண்டுக்கு இரண்டு

"மனுஷ குலம் ரயில்னு பேர் வெச்ச பொருள்லயே ஆகக் கேவலமானது இதுதான். இதுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடுறவனுக்கு ஓட்டுரிமையே குடுக்கக் கூடாது" என்று எல்லிஸ் அறிவித்தான். அப்போது அவன் அந்த ரயில் பெட்டியின் கூரைமேல் குப்புறப் படுத்து, தகடும் தகடும் சேரும் இடத்தில் கறுப்புப் பசையை விரலால் அழுத்திக்கொண்டிருந்தான்.

காலை ஆறரை மணி. பன்னிரண்டு மணிக்கு அவனுடைய அம்மாவின் அடக்கம்.

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற முக்தார் இருபத்தெட்டு வருஷம் இந்த ரக ரயிலை ஓட்டியவர். அடக்கத்துக்கான கறுப்பு சூட்டை இப்போதே போட்டு, அதன்மேல் ரயில்வே கொடுத்த ஆரஞ்சு மேல்சட்டையையும் மாட்டியிருந்தார்.

"ஓட்டுரிமை இருக்கட்டும். அந்த மூலைய விட்டுட்டே."

"எந்த மூலை? பூசிட்டேனே."

"நீ எங்க பூசினே. உன் முழங்கால்தான் பூசிக்கிட்டிருக்கு."

எல்லிஸ் திரும்பிப் பார்த்தான். உண்மைதான். முழங்கால் நன்றாகவே பூசப்பட்டிருந்தது. இனி அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காது.

தோர்ன்பெக் ஊர்க்காரர்கள் இந்த ரயிலைக் கழுதை என்பார்கள். பேருந்தின் உடம்பைச் சரக்கு வண்டியின் சக்கரங்கள்மேல் உட்கார வைத்தால் மலிவாக முடியும் என்று யாருக்கோ ஒரு காலத்தில் தோன்றியிருக்கிறது. சில வருஷத்துக்கு மட்டும் என்று சொல்லிச் சின்ன ஊர்களின் தடங்களுக்கு அனுப்பினார்கள். அந்தச் சில வருஷம் முப்பத்தைந்து வருஷம் ஓடியது. வளைவுகளில் அது அலறும். நேர் தடத்தில் தலையாட்டும். மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் புது ரயில்கள் வந்தன. கதவுகள் தாமாக மூடிக்கொண்டு, மூடிக்கொண்டதைப் பெண் குரலில் தாமே சொல்லியும் கொண்டன. கழுதைகள் வரிசையாகப் பழைய இரும்புக்குப் போயின. கேட்ட ஊர்களுக்கும் பள்ளிகளுக்கும் ஆளுக்கொரு பெட்டியாக மிச்சத்தைக் கொடுத்தார்கள்.

கேட்டவள் எல்லிஸின் அம்மா லொரெய்ன். இருபத்தாறு வருஷம் அந்தத் தடத்தில் கார்டாக இருந்தவள். தோர்ன்பெக்கில் தேவாலயத்தின் கூடத்தை, உத்தரம் உளுத்துவிட்டது என்று பூட்டிவிட்டார்கள். பிறந்தநாளானாலும் ரத்ததானமானாலும் பக்கத்து ஊருக்குத்தான் போக வேண்டும். விண்ணப்பப் படிவத்தில் 'உங்கள் ஊருக்கு இந்தப் பெட்டி ஏன் தேவை?' என்ற இடத்தில் அவள் இப்படி எழுதினாள்: 'எங்களுக்கு உட்கார இடமில்லை. இதில் ஐம்பத்தாறு இருக்கிறது.'

மார்ச் மாதம் பெட்டி லாரியில் வந்தது. ஸ்டேஷனுக்குப் பின்னால், பழைய நிலக்கரிக் கிடங்கு இருந்த இடத்தில், நாற்பது கஜம் தண்டவாளம் போட்டு கிரேனில் இறக்கினார்கள். முக்தார் முன்னால் ஓட்டுநர் அறையில் ஏறி ஒரு லாரி பேட்டரியைக் கொண்டு விளக்குக்கும் மணிக்கும் உயிர் கொடுத்தார். லொரெய்ன் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு பின்கதவில் நின்றாள். சிகிச்சையில் முடி போயிருந்தது. அவள் பொத்தானை இரண்டு முறை அழுத்த, முக்தார் முன்னாலிருந்து இரண்டு முறை பதில் அழுத்த, ஊரே கை தட்டியது. பெட்டி ஓர் அங்குலமும் நகரவில்லை.

எல்லிஸ் அதைக் கல்லூரிப் பத்திரிகையில் எழுதினான். 'ஒரு கழுதைக்கு இரங்கல்' என்று தலைப்பு. நகராத ரயிலுக்குப் புறப்பட அனுமதி கொடுத்த உலகின் முதல் கிராமம் என்று தன் ஊரைப் பாராட்டியிருந்தான். மழை நாட்களில் ஒரு கார்டம்மா ஒழுகும் இடத்தில் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்பதாகவும், அவர் ரயிலுக்குத் தேநீர் கொடுக்கிறாரா, ரயில் அவருக்குக் கொடுக்கிறதா என்பது ஆராய்ச்சிக்குரியது என்றும் எழுதியிருந்தான். கல்லூரியில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். லொரெய்னும் சிரித்தாள். அதைக் கத்தரித்து கார்டுகளின் ஓய்வறைப் பலகையில் குத்திவைத்தாள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் பேனாவால் திருத்தியிருந்தாள். ஒழுகுவது நாலாவது பெஞ்சுக்கு மேல் அல்ல, மூன்றாவது பெஞ்சுக்கு மேல்.

அந்த மூன்றாவது பெஞ்சுக்கு நேர் மேலேதான் எல்லிஸ் இப்போது படுத்திருந்தான்.

"மத்தியானம் ரெண்டு மணிக்கு மழைன்னு போட்டிருக்கான்" என்றார் முக்தார், கைப்பேசியைப் பார்த்தபடி.

"பசை காய எவ்வளவு நேரம்?"

"டப்பாவுல எட்டு மணி நேரம்னு இருக்கு."

எல்லிஸ் விரல் விட்டு எண்ணினான். இரண்டரை வந்தது. "மழை லேட்டா வரும். இந்தத் தடத்துல எது சரியான நேரத்துக்கு வந்திருக்கு?"

ஏழரைக்கு டெரிக் வந்தார். ஊர்க் கமிட்டித் தலைவர். முப்பது வருஷம் கட்டடங்களைச் சோதித்து, குறை எழுதி, கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பி ஓய்வு பெற்றவர். ஒரு சாம்பல் நிற நாயைக் கூட்டிக்கொண்டு பெட்டியை ஒருமுறை சுற்றி வந்தார். நாயும் சோதனை செய்வதுபோல ஒவ்வொரு சக்கரத்தையும் முகர்ந்தது.

"கீழ இறங்கிப் பேசுப்பா."

"பசை காயல சார். இறங்கினா நான் பாதி, கூரை பாதி ஆயிடுவோம்."

டெரிக் சிரிக்கவில்லை. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. "உங்கம்மா மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா நாற்பது பேர் துக்கத்துல வந்து உக்காரும்போது தலைமேல சொட்டிச்சுன்னா அது கூடம் இல்ல, குடை இல்லாத பஸ் ஸ்டாப். கோல்ஃப் கிளப்புல பெரிய ரூம் சொல்லி வெச்சிருக்கேன். பத்து மணிக்குள்ள சொல்லணும்."

"அம்மா இங்கதான்னு எழுதி வெச்சிருக்காங்க."

"தெரியும். நாளைக்கு சாயந்திரம் கமிட்டி கூடுது, அதுவும் உனக்குத் தெரியும். வெச்சுக்கறதா, இரும்புக்கு அனுப்பறதான்னு மூணு பேர் அந்தப் பக்கம், மூணு பேர் இந்தப் பக்கம். ஏழாவது கை என்னுது. இன்னிக்கி ஒரு சொட்டு விழுந்தா, என் கை லாரியைத்தான் கூப்பிடும். முன்னாடியே சொல்லிடறேன். பின்னால மூஞ்சியத் தூக்கக் கூடாது."

"ஒரு சொட்டும் விழாது சார்" என்றான் எல்லிஸ். கூரையில் குப்புறப் படுத்துக்கொண்டு கம்பீரமாகப் பேசுவது சிரமம். ஆனாலும் பேசினான்.

டெரிக் போனதும் முக்தார் மேலே பார்த்தார். "இப்பதானே கேவலமான பொருள்னே?"

"கேவலமானதுதான். அதுக்காக டெரிக் ஜெயிக்கணுமா?"

லொரெய்ன் தன் அடக்கத்துக்கான ஏற்பாடுகளைப் பழைய பணி அட்டவணை ஒன்றின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தாள். ரயில் நேரம் எழுதுவதுபோல இடப்பக்கம் மணி, வலப்பக்கம் விவரம். பன்னிரண்டு மணி: பாதிரியார், சுருக்கமாக. ஒன்றரை: தேநீர், பெட்டியில்தான். அதன் கீழே சின்ன எழுத்தில்: 'டெரிக் கோல்ஃப் கிளப் என்பார். சொல்லட்டும்.'

ஒன்பது மணிக்கு அக்கா பெத் காரில் வந்தாள். பின்சீட் முழுக்க சாண்ட்விச் தட்டுகள், உருளைக்கிழங்கும் வெங்காயமும் உள்ளே வைத்துச் சுட்ட 'பை' என்ற பலகாரம் ஆறு, முக்தாரின் மனைவி பொரித்துக் கொடுத்த சமோசா இரண்டு பெட்டி. எல்லிஸைவிட ஏழு வயது மூத்தவள். கடைசி மாதங்களில் அம்மாவைக் குளிப்பாட்டியதும் மருந்து கொடுத்ததும் அவள்தான். அவள் தம்பியின் பேன்ட்டைப் பார்த்தாள்.

"அந்த சூட்லயா கூரைமேல ஏறினே?"

"கறுப்புப் பசை, கறுப்பு பேன்ட். கடவுள் இருக்கார்."

"எல்லிஸ், இன்னிக்கி மட்டும் வேண்டாம்டா. கோல்ஃப் கிளப்புக்கே போயிடலாம். எனக்குத் தெம்பு இல்ல. எல்லாரும் சீலிங்கப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க. அம்மாவ ஒருத்தரும் நெனைக்க மாட்டாங்க."

"அம்மா எழுதி..."

"அம்மா என்ன வேணாலும் எழுதுவாங்க. பாட்டு பன்னெண்டு எழுதியிருக்காங்க. அதுல நாலு ஒரே பாட்டு."

எல்லிஸ் ஸ்டேஷன் சுவரில் தொங்கிய தீயணைப்பு வாளியை எடுத்தான். குழாயில் நிரப்பினான். ஏணியில் ஏறி கூரைமேல் ஊற்றினான். இறங்கினான், நிரப்பினான், ஏறினான், ஊற்றினான். ஒன்பது வாளி. பெத் உள்ளே மூன்றாவது பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தாவது வாளியில் பாதித் தண்ணீர் அவன் மேலேயே விழுந்தது.

பெத் கதவுக்கு வந்தாள். அவளுடைய கறுப்பு உடையில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

"போதும் வா, நிமோனியா வந்துடும். ஒரே வாரத்துல ரெண்டு பேருக்கு சாண்ட்விச் பண்ண என்னால முடியாது" என்றாள். கைப்பேசியை எடுத்து டெரிக்கை அழைத்தாள். "கோல்ஃப் கிளப் வேண்டாம் சார். ஆமா. நெஜமாத்தான். நான் உக்காந்து பாத்துட்டேன்."

பதினொன்றே முக்காலுக்குச் சவக்கார் ஊருக்குள் வந்தது. அடக்க ஏற்பாடு செய்பவர் உயரத் தொப்பியோடு முன்னால் நடக்க, கார் நடைவேகத்தில் பின்னால் ஊர்ந்தது. அதன் பின்னால் குடும்பத்தின் காரில் பெத்தும் எல்லிஸும். தேவாலயத்துக்குப் போகும் வழியில் லெவல் கிராசிங் இருந்தது. சரியாக அதன் முன் வந்தபோது சிவப்பு விளக்குகள் மாறி மாறி மின்னின. கேட் இறங்கியது. தொப்பிக்காரர் நின்றார். சவக்கார் நின்றது.

"பாரு, அம்மா நிறுத்திட்டாங்க" என்றாள் பெத்.

புது ரயில் சத்தமே இல்லாமல் கடந்து போனது. தொப்பிக்காரர் என்ன நினைத்தாரோ, தொப்பியைக் கழற்றி அதற்கு வணக்கம் வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். பெத் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்து ஓட்டுநர் காகிதக் கைக்குட்டையை நீட்டினார்.

"ரெண்டு நிமிஷம் லேட்டுன்னு சொல்லியிருப்பாங்க" என்றாள் பெத்.

"மூணு."

எல்லிஸ் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ரயில் புறப்பட ஒரு முறை உண்டு. கார்டு கதவுகளை மூடிவிட்டு, வெளியே இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் பொத்தானை இரண்டு முறை அழுத்துவார். மணி என்று பெயரே தவிர, கரகரத்த ஒரு பஸ்ஸர்தான். இரண்டென்றால் எல்லாம் தயார் என்று அர்த்தம். ஓட்டுநர் இரண்டைக் கேட்டதும் கிளம்பிவிட முடியாது. கேட்டேன் என்பதற்கு அவரும் இரண்டு அழுத்த வேண்டும். எந்த முனையிலிருந்து வந்தாலும் சரி, இரண்டுக்கு இரண்டு. பதில் வரும்வரை சக்கரம் சுற்றாது. புது ரயில்களில் ஓட்டுநரே கதவை மூடிவிடுவதால் இதெல்லாம் இல்லை.

லொரெய்ன் இதை வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தாள். காலையில் பிள்ளைகளின் அறைச்சுவரில் இரண்டு தட்டு தட்டுவாள். உள்ளேயிருந்து இரண்டு தட்டு வந்தால்தான் அடுப்பில் முட்டை ஏறும். பதினான்காவது வயதில் எல்லிஸ் பதில் தட்டுவதை நிறுத்தினான். 'நான் பயணி. பயணி மணி அடிச்சா அபராதம்' என்றான். அவள் அதற்குப் பிறகும் தினமும் தட்டினாள். முட்டையும் எப்படியோ வெந்தது.

பதின்மூன்று நாளைக்கு முன்னால், முன்னறையில் ஜன்னலோரம் ஆஸ்பத்திரிக் கட்டில் போட்டுப் படுத்திருந்தாள். பெத் மாடியில் தூங்கப் போயிருந்தாள், இரவெல்லாம் விழித்ததால். எல்லிஸ் பக்கத்து நாற்காலியில் மடிக்கணினியோடு இருந்தான். லொரெய்ன் கண் திறக்காமல், மோதிர விரலால் கட்டில் கம்பியில் தட்டினாள். டிங். கொஞ்சம் இடைவெளி. டிங்.

அவன் திரையிலிருந்து பார்வையை எடுக்காமல் சொன்னான்: "சிக்னல் சிவப்பும்மா."

அவள் உதட்டில் ஒரு பக்கம் லேசாக இழுபட்டது. நல்ல நகைச்சுவை அவளுக்குப் பிடிக்கும். அவன் தேநீர் போட எழுந்து போனான். கெட்டில் கொதித்து அடங்கி, அவன் கோப்பையோடு திரும்பி வருவதற்குள் முடிந்திருந்தது.

இதை அவன் பெத்திடம் சொல்லவில்லை. இதைப் பற்றி எழுதவும் இல்லை.

கேட் உயர்ந்தது. தொப்பிக்காரர் நடந்தார்.

பாதிரியார் சுருக்கமாக முடிக்கவில்லை. ஆனாலும் ஒன்றே முக்காலுக்கு எல்லோரும் பெட்டிக்கு வந்துவிட்டார்கள். லொரெய்னுடன் வேலை செய்த கார்டுகள், தினமும் அவளிடம் டிக்கெட் வாங்கியவர்கள், பள்ளிக்கூடத்தார். ஐம்பத்தாறு இருக்கைகளும் நிறைந்து, நடைவழியிலும் நின்றார்கள். பழைய கோட்டு வாசனையும் சமோசா வாசனையும் கலந்தன. பேச்சு மெதுவாகத்தான் தொடங்கியது. பத்தே நிமிஷத்தில் பெட்டி பழையபடி இரைந்தது.

ஒரு மருந்துக்கடைப் பெண் எல்லிஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு மொத வேலைக்கு இன்டர்வியூ. அன்னிக்கின்னு பாத்து பேய் மழை. மூணாவது பெஞ்சு மட்டும்தான் காலியா இருந்துச்சு. உங்கம்மா இருபது நிமிஷம் என் தலைக்கு மேல கப்பப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. டிக்கெட்டே கேக்க மறந்துட்டாங்க."

"மறந்திருக்க மாட்டாங்க" என்றான் எல்லிஸ். வேறு ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடினான். வேடிக்கையாக ஒன்றும் அகப்படவில்லை.

இரண்டு பத்துக்கு மழை வந்தது. தகரக் கூரையில் முதலில் விரல் தட்டுவதுபோல, பிறகு வண்டிச் சரளை கொட்டுவதுபோல. பேச்சு நின்றது. பெத் சொன்னதுபோலவே எல்லாத் தலைகளும் ஒரே சமயத்தில் அண்ணாந்தன.

டெரிக் எழுந்தார். கையில் பைத் துண்டு வைத்த தட்டு. நடைவழியில் நிற்பவர்களை விலக்கிக்கொண்டு மூன்றாவது பெஞ்சுக்கு வந்தார். அங்கே உட்கார்ந்திருந்த பெண்மணியிடம் "கொஞ்சம் நகருங்கம்மா" என்று சொல்லி, ஒழுகும் இடத்துக்கு நேர் கீழே உட்கார்ந்தார். வழுக்கைத் தலை. அதைவிட நேர்மையான கருவி உலகத்தில் இல்லை. முள்கரண்டியால் பையை வெட்டிச் சாப்பிடத் தொடங்கினார்.

எல்லோரும் அந்தத் தலையைப் பார்த்தார்கள். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். மழை வலுத்தது. தலை காய்ந்தே இருந்தது. முக்தார் கடைசி வரிசையிலிருந்து எல்லிஸுக்குக் கட்டை விரலைக் காட்டினார்.

அப்போதுதான் எல்லிஸின் இடது காதில் ஏதோ ஜில்லென்று விழுந்தது.

அவன் பின்கதவுக்குப் பக்கத்தில், கார்டு நிற்கும் இடத்தில் நின்றிருந்தான். மெதுவாக அண்ணாந்தான். கதவுச் சட்டத்துக்கு மேலே, யாரும் பூசாத, யாரும் நினைத்தே பார்க்காத ஒரு ஆணியிலிருந்து அடுத்த சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது பெஞ்சில் வழி அடைபட்ட தண்ணீர் கூரையோடு நடந்து வந்து இங்கே இறங்குகிறது. கீழே விழுந்தால் தரைத் தகட்டில் சத்தம் கேட்கும்.

பக்கத்துத் தட்டிலிருந்து ஒரு காலிக் கோப்பையை எடுத்தான். கதவுச் சட்டத்தில் சாய்ந்துகொண்டு, முழங்கையை மடித்து, கோப்பையைத் தோளுக்கு மேலே பிடித்தான். சொட்டு கோப்பைக்குள் விழுந்தது. சத்தமில்லை.

முதல் சில நிமிஷம் சுலபமாக இருந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கு இடது கையைக் கொடுத்தான். பள்ளிக்கூடத் தலைமையாசிரியை அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்ப்பா டீயைத் தோள்மேல வெச்சிருக்கே?"

"சூடா இருக்கு மேடம். மேல காத்து நல்லா வருது."

"பாவம் புள்ள" என்று அவர் பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

கால் மணி நேரத்தில் தோள் எரிந்தது. கோப்பை கனத்தது. காலையில் சுமந்த பத்து வாளியும் ஒவ்வொன்றாக அவன் கைக்கே திரும்பி வந்தன. இறக்கினால் முடிந்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே மழையைப் பார்த்தான். கிடங்கின் மதிலோரம் அவனுடைய ஏணி நனைந்துகொண்டிருந்தது. கோப்பை நிறைந்து விளிம்புக்கு வந்தது. அதை மாற்ற இன்னொரு கை வேண்டும், அந்தக் கையை ஒரு கிழவர் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

பெத் காலித் தட்டோடு அந்தப் பக்கம் வந்தாள். தம்பியைப் பார்த்தாள். அவன் தோளைப் பார்த்தாள். மேலே பார்த்தாள். நிறைந்த கோப்பையை அவன் விரல்களிலிருந்து எடுத்துக்கொண்டு, சொட்டு விழும் இடைவெளிக்குள் ஒரு காலிக் கோப்பையைச் செருகிவிட்டு, நிறைந்ததைத் தட்டில் வைத்து மற்ற அழுக்குக் கோப்பைகளோடு கொண்டுபோனாள். சரியாகப் பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி வந்தாள். அதற்கடுத்த முறையும்.

நான்காவது கோப்பையின்போது ஆட்கள் கிளம்பத் தொடங்கினார்கள். பெத் கார்டுகளுக்கு மிஞ்சிய சமோசாவைக் கட்டிக் கொடுத்தாள். டெரிக் கடைசியாக எழுந்தார். தட்டைத் துடைத்தாற்போல் சாப்பிட்டிருந்தார். வழுக்கையைக் கைக்குட்டையால் ஒருமுறை ஒற்றி, கைக்குட்டையைப் பிரித்துப் பார்த்தார். காய்ந்திருந்தது. பின்கதவுக்கு வந்து கோட்டை மாட்டினார்.

"மூணாவது பெஞ்சு தேவலை" என்றார்.

"நன்றி சார்."

"நாளைக்குக் கையத் தூக்கறேன். வெச்சுக்கறதுக்கு."

எல்லிஸ் தலையை மட்டும் ஆட்டினான். அசைந்தால் கோப்பை தளும்பும்.

டெரிக் குடையை விரித்துக்கொண்டே, அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "கைய மாத்திக்கோ. ஒரே கையில பிடிச்சா நாளைக்குத் தூக்க முடியாது. கதவு மேல இருக்கறத சனிக்கிழமை பாத்துக்கலாம். உன் ஏணி லாயக்கில்ல. என்னுதக் கொண்டாறேன்."

படியில் இறங்கி மழைக்குள் போனார்.

பெத் கடைசித் தட்டுகளைக் காருக்குக் கொண்டுபோனாள். பெட்டிக்குள் யாருமில்லை. ஐம்பத்தாறு இருக்கைகளிலும் ரொட்டித் துணுக்குகள். மழை விட்டபாடில்லை. எல்லிஸ் இன்னும் கதவுச் சட்டத்தில் சாய்ந்தே நின்றான். இனிமேல் சொட்டு தரையில் விழுந்தாலும் கேட்க ஆளில்லை. ஆனாலும் கோப்பையை இறக்கவில்லை.

பெட்டியின் மறுமுனையில் முக்தார் ஓட்டுநர் அறைக்குள் நுழைவது தெரிந்தது. பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார். முன்வரிசை இருண்டது, நடுவரிசை இருண்டது.

பஸ்ஸர் கரகரத்தது. ஒன்று. கொஞ்சம் இடைவெளி. இரண்டு.

கழற்றுவதற்கு முன் சரிபார்க்கிறார் போல. எல்லிஸ் வாயைத் திறந்தான். அதே சிவப்பு சிக்னல் பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. உரக்கச் சொன்னால் முன்னால் கேட்கும்.

முன்னால் முக்தார் பேட்டரியைத் தொடவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, எதிரே ஈர மதிலைப் பார்த்தபடி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தார்.

எல்லிஸ் வாயை மூடினான். கோப்பையை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினான். கதவுக்கு வெளியே தலையை நீட்டி, பெட்டியின் நீளத்துக்கு முன்பக்கம் பார்த்தான், பின்பக்கம் பார்த்தான். நாற்பது கஜத் தண்டவாளம் நனைந்து கிடந்தது. குறுக்கே யாரும் இல்லை.

பசை ஒட்டிக் கறுத்திருந்த கட்டைவிரலால் பொத்தானை இரண்டு முறை அழுத்தினான்.

மேலே ஆணியில் அடுத்த சொட்டு திரண்டுகொண்டிருந்தது. அவன் கோப்பையை அதன் கீழ் நகர்த்தினான்.